நமத்துப்போன அப்பளமும் நாலு முதலாளிகளும்

கோணமங்கலத்தில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே பத்திரமாக இருந்தது.

அந்த ஊர் அப்பளக் கம்பெனி முதலாளி அருணகிரிக்கு ஒரு சங்கடம். அடைமழையில் சரக்கு முழுக்க நமத்துப்போய்விட்டது. கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் பலவேசம் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை பந்தியில அப்பளம் மொறுமொறுன்னு இல்லைன்னா, இனிமே எனக்கு வடாம் போதும்." பலவேசம் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டணத்து ஆலோசகர் ஒருவர் போனில் வழி சொன்னார்.

"தனியா மண்டையை உடைச்சுக்காதீங்க சார். நாலு முதலாளிங்க சேர்ந்து ஒரு குழு வச்சுக்குங்க. தொழில் வேற வேறயா இருக்கணும். உங்களுக்கு இருக்கிற கஷ்டம் அவங்களுக்கும் இருக்கணும். முக்கியமா, உள்ளே பேசினது வெளியே போகவே கூடாது."

முதலில் வந்தவர் தீப்பெட்டி ஆபீஸ் சங்கிலிமுத்து.

"உங்க சரக்கு நமத்திருக்காண்ணே?"

"இல்லையே. உரசினா பத்திக்கும்."

"அப்புறம் எப்படிச் சேர்த்துக்கிறது?"

சங்கிலிமுத்துவுக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு ஓடி, தீப்பெட்டி மூட்டைகளின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். அருணகிரி ஒரு குச்சியை உரசிப் பார்த்தார். பற்றவில்லை. இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட வெல்ல மண்டி இருளப்பன் முன்கூட்டியே ஊற்றிவிட்டார். வெல்லம் கரைந்து சாக்கடையில் ஓடியது. வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "கஷ்டம் கொஞ்சம் கூடிப்போச்சுங்க" என்றார். அவரையே தலைவராக்கினார்கள்.

குடைக்கடை சௌந்தரம்மாள் பாடுதான் பாவம். எவ்வளவு ஊற்றியும் குடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுதுகொண்டே திரும்பிப் போனார். நாலாவது ஆள் கிடைக்காததால், காலி நாற்காலி ஒன்றை நாலாவது முதலாளியாக வைத்துக்கொண்டார்கள். அது யார் பேசும்போதும் குறுக்கே பேசவில்லை.

அப்பளக் கிடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடந்தது. வெகுநேரம் யோசித்து இருளப்பன் வாய் திறந்தார்.

"அப்பளத்தை வெயில்ல காயப்போட்டா என்ன?"

எல்லோரும் அசந்துபோனார்கள். அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா வெயில் வெளியிலதானே இருக்கு?" என்றார் சங்கிலிமுத்து. "உள்ளே பேசினது வெளியே போகக்கூடாதே?"

"வெயில் உள்ளே வரக்கூடாதுன்னு சொல்லலையே!" என்றார் தலைவர்.

மழை விட்ட நேரமாகப் பார்த்துக் கூரை ஓடுகளை ஒன்றுவிடாமல் இறக்கினார்கள். வெயில் தாராளமாக உள்ளே விழுந்தது. அப்பளம் காய்ந்து கலகலவென்று ஆனது.

வெள்ளிக்கிழமை பலவேசம் வண்டியோடு வந்தார். சங்கிலிமுத்து வாசலை மறித்தார்.

"கூட்டம் நடந்தப்போ அப்பளமும் உள்ளேதான் இருந்துச்சு. எல்லாத்தையும் கேட்டிருக்கு. வெளியே விட முடியாது."

பலவேசமும் கோணமங்கலத்துக்காரர்தான். "அதுவும் சரிதான்" என்று சொல்லி, கல்யாணத்தையே கிடங்குக்குள் கொண்டுவந்துவிட்டார். பந்தியில் அப்பளம் நொறுங்கிய சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. அடுத்த முகூர்த்தங்களுக்கும் ஆர்டர் கிடைத்தது. அருணகிரிக்குத் தலைகால் புரியவில்லை.

கை கழுவிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். சங்கிலிமுத்து மறுபடியும் குறுக்கே நின்றார்.

"அப்பளம் வயித்துக்குள்ள இருக்கு. அதோட எங்கே கிளம்பிட்டீங்க?"

நியாயம்தானே என்று பொண்ணு, மாப்பிள்ளை உட்பட எல்லோரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் பல் இல்லாததால் அப்பளத்தைத் தொடவில்லை. நன்றாக விசாரித்துவிட்டு அவரை வெளியே விட்டார்கள்.

அவர் தெருமுனைக்குப் போனதும் அருணகிரிக்குப் பகீரென்றது. வாசலுக்கு ஓடிவந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"பெரியவரே! யார் கேட்டாலும், அப்பளத்தை வெயில்ல காயப்போட்டோம்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

"சொல்ல மாட்டோம்!" என்றது தெரு முழுக்க.