உச்சி வெயிலில் வாடிய டர்னிப்

கோத்தகிரி பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் லிங்கி என்று ஒரு கூலிக்காரி இருந்தாள். அவள் ஒரு பாத்தி டர்னிப் கிழங்கு போட்டாள். பக்கத்திலேயே மேனேஜர் தனுஷ்கோடியும் தன் கையால் ஒரு பாத்தி போட்டார். முதலாளி பார்க்க வந்த அன்று காலை மேனேஜர் முந்திக்கொண்டார்.

"லிங்கி பாத்தியில அடியிலை மஞ்சளா இருக்கு சார். சீக்கு. என் பாத்தியைப் பாருங்க, கரும்பச்சை. நமக்கு ஒரு சட்டம் வேணும். சீக்குப் பாத்தியைச் சாயங்காலத்துக்குள்ள பிடுங்கணும், போட்ட ஆள் வேலையை விட்டு மலையிறங்கணும்."

முதலாளி சரி என்றார்.

"சட்டம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் லிங்கி. "அடியிலை வயசாகிப் பழுத்தது. ஐயா உச்சி வெயில் வரைக்கும் இருந்து பாக்கணும்."

இருந்தார்கள். உச்சி வெயிலில் மேனேஜரின் செடிகள் ஈரத்துணி மாதிரித் தொங்கின. லிங்கியின் செடிகள் நிமிர்ந்தே நின்றன.

"வெயில் சார்," என்றார் மேனேஜர். "தண்ணி விட்டாச் சரியாயிடும்."

"மண்ணு ஈரமாத்தான் இருக்கு," என்றாள் லிங்கி. "வெயிலும் ரெண்டு பாத்திக்கும் ஒண்ணுதான். வேர்ல கோளாறு இருந்தாத்தான் ஈரத்துல வாடும்."

முதலாளி பாத்திக்கு ஒரு செடி பிடுங்கினார். லிங்கியுடையது உருண்டையாக வந்தது. மேனேஜருடையதில் கிழங்கே இல்லை. வேரெல்லாம் இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

லிங்கி முந்தானையைச் செருகிக்கொண்டு மேனேஜர் பாத்தியில் இறங்கி, அவரிடம் சொன்னாள்:

"பிடுங்கற வேலையை நான் பாத்துக்கறேன் சார். கீழ போற பஸ் அஞ்சு மணிக்கு."