கூடுதலாகப் பதினோரு அட்டைகள்

கணினித் துறையின் பொன்விழா மலர் மாலை நான்கு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். அதைத் தொகுத்த ஆய்வு மாணவன் அருமைநாதன், கையெழுத்து வாங்க ஆசிரியை மரகதவல்லியிடம் வந்தான்.

அவர் கண் ஒரு வரியில் நின்றது. 'துறையின் முதல் நிரல்: மதிப்பெண் கணக்கீடு. எழுதியவர்: தேவசகாயம். தட்டச்சு: எஸ்தர்.'

"எஸ்தர் அம்மா நாளைக்கு விழாவுக்கு வர்றாங்க. அவங்களுக்கு இவ்வளவுதானா?"

"தேவசகாயம் சார் எழுதின நிரலை, அந்தக் காலத்துக் கணினி படிக்கிற மாதிரி வரிக்கு ஒரு அட்டையா துளை போட்டவங்க, மேடம். இன்னும் ஒரு வரி போட்டா ஏசி மாட்டினவரும் வந்து கேட்பார்."

ஆசிரியை சிரித்தார். "அந்த நிரலை ஓட்டிப் பார்த்தியா?"

"அட்டையைப் பார்த்து லேப்டாப்பில ஏத்தினேன். நல்லா ஓடுது. ஆனா சார் கையால எழுதின தாளில இருக்கிற வரிகளை விட அட்டை பதினொண்ணு கூடுதல். தவறிப்போய் போட்டிருப்பாங்க."

"அப்போ லேப்டாப்பில அந்தப் பதினொரு வரியை எடுத்துட்டு ஓட்டு."

எடுத்தான். பழைய மதிப்பெண் பட்டியலின் நாற்பத்திரண்டாவது மாணவரிடம் வந்ததும் நிரல் நின்றுவிட்டது. அந்த மாணவர் ஒரு தேர்வும் எழுதவில்லை. சராசரி காணப் போய், நிரல் பூஜ்ஜியத்தால் வகுக்கப் பார்த்திருக்கிறது.

பதினொன்றையும் திரும்பச் சேர்த்தான். நாற்பத்திரண்டைத் தாண்டி ஓடியது.

திரையிலிருந்து திரும்பினான். "சாரே பிறகு சொல்லிப் போட வச்சிருக்கலாமே, மேடம்?"

அவர் அலமாரியிலிருந்து அட்டைக்கட்டை எடுத்து வைத்தார். "வலது ஓரத்தில என்ன இருக்கு?"

"கடைசி எட்டுக் கட்டம். ஏதோ துளை இருக்கு. எந்திரம் அந்த இடத்தைப் படிக்காது, அதனால நானும் விட்டுட்டேன்."

"இப்போ பாரு."

ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்து, துளைகளை எண்ணி எழுத்துக் கூட்டினான். தேவா. அடுத்ததிலும் தேவா. அதற்கடுத்ததிலும். பிறகு அந்தப் பதினொன்றில் முதலாவதை எடுத்தான். எண்ணி முடித்தவன், இன்னொரு முறை எண்ணினான்.

எஸ்தர்.

"எந்த வரியை யார் யோசிச்சாங்களோ, அவங்க பேரையே ஓரத்தில..." என்று தொடங்கி நிறுத்தினான். "அம்பது வருஷமா இது இங்கேதான் இருந்ததா, மேடம்? யாருமே பார்க்கலையா?"

ஆசிரியை பேனாவை மூடி, கையெழுத்திடாத தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"எந்திரம் அந்த இடத்தைப் படிக்காது, சரி. நம்ம கண்ணுக்கு என்ன வந்தது?"