கூப்பிடுகிற கடுகு

"கடுகு போட்டும் புழு போகலீங்கம்மா. முன்னைக்கு இப்ப ரெட்டிப்பு!"

செங்கோடன் மடத்து வாசலிலேயே நின்று புலம்பினான். கையில், வயலிலிருந்து பிடுங்கிய கடுகுச் செடி. வேரெல்லாம் ரவையை ஒட்டி வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் வயிறு நிறைய முட்டை சுமக்கும் நூற்புழு.

மடத்துத் தலைவி பொன்னாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செங்கோடனைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் அவனுக்கு அவள் அம்மா. அவளுக்கு அவன் அண்ணா.

"வேற யோசனை சொல்லுங்கம்மா. மூணு வருசமா சர்க்கரை பீட் போட்டும் கிழங்கே வைக்கல, தாடி மாதிரி வேருதான். செங்கல் சூளைக்கு மண்ணெடுக்க விட்டுரலாம்னு தம்பி குதிக்கிறான். இன்னும் ஒரே ஒரு வெள்ளாமைதான் பொறுப்பானாம்."

"நான் குடுத்த கடுகைத்தானே போட்டீங்க?"

செங்கோடன் தலையைச் சொறிந்தான்.

"அது... சாமி மாடத்துல இருக்குதுங்க. மடத்துல குடுத்ததாச்சே. பொட்டு வெச்சு, ரெண்டு வேளையும் சூடம் காட்டுறோம்."

"அப்ப வயல்ல?"

"வீட்டுக் கடுகுங்க. தாளிக்கிறதுதான்."

பொன்னாத்தாள் கீரையைக் கீழே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. குடுக்கும்போது நீங்க என்ன சொன்னீங்க? 'இந்தக் கடுகு புழுவைக் கூப்பிடும்'னீங்க. இருக்கிற புழு போதாதுன்னு கூப்பிட வேற செய்யணுமா? எனக்கு ஒண்ணும் விளங்கலீங்க."

"பசிக்குதா அண்ணா?"

"காலையில இருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலீங்க."

"கை கழுவிட்டு உக்காருங்க. மணி அடிச்சதும் பந்திக்கு வாங்க."

வெகுநேரம் கழித்து மணி அடித்தது. செங்கோடன் ஓடினான்.

தலைவாழை இலை போட்டிருந்தது. சம்மணம் கொட்டி உட்கார்ந்தான். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான்.

உள்ளே பருப்பு தாளிக்கிற வாசம். வாயில் எச்சில் ஊறியது.

யாரும் வரவில்லை.

இலையின் ஈரம் காய்ந்தது. இன்னொரு தடவை தெளித்தான். ஒருவேளை இது விரத நாளோ? தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ? எழுந்து போகலாமா, கூடாதா?

பொன்னாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணா?"

"ஒண்ணுமே போடலீங்களே!"

"மணி கேட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமாங்க."

"வாசம் வருதா?"

"தூக்குதுங்க."

"இலை?"

"இருக்குதுங்க. அதைத் தின்னவா முடியும்?"

"அப்ப உக்காந்திருங்க."

"எத்தனை நேரமுங்க?"

"எந்திரிக்கவே கூடாது."

"என்னங்கம்மா வெளையாட்டு இது? இப்படியே உக்கார வெச்சா செத்தே போயிருவேனுங்க!"

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே இருந்தான்.

இலையைப் பார்த்தான். மணியைப் பார்த்தான். பக்கத்தில் கிடத்தியிருந்த கடுகுச் செடியின் வேரில் திண்ணென்று நிறைந்திருந்த அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தான்.

சட்டென்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

"அண்ணா, சோறு ஆயிருச்சு! தின்னுட்டுப் போங்க!"

அவன் வரப்பில் ஏறியிருந்தான்.

"முதல்ல வீட்டுக் கடுகைப் பிடுங்கணுமுங்க! அப்புறம் மாடத்துக் கடுகை விதைச்சு, கூப்பிட்டுப் பட்டினி போடணும்! புழுவுக்கு மூணு வருசமா நான் பந்தி வெச்சது போதும்!"