அடைக்கோழிக்குக் காவல்

வேலையில் இருக்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. வேலை தேடுகிறவருக்கு என்றைக்கு லீவு, சொல்லுங்கள் பார்ப்போம்?

குணசீலனுக்கு நாலு மாதமாக லீவே இல்லை. நூல் மில் சூப்பர்வைசர் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து கண் விழித்தால் விண்ணப்பம், கண்ணை மூடினால் அதே விண்ணப்பம்.

ஒருநாள் மலையடிவார மடத்துக்கு வந்து நின்றார். மடத்து வடிவம்மாள் அவரைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் ஊரே அம்மா என்றுதான் கூப்பிடும். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

"அம்மா, தூக்கத்துக்கு ஒரு மந்திரம் வேணும்."

"வர்றதுக்கா?"

"வராம இருக்க. தினமும் மூணு மணி நேரம் வீணாப் போகுதே!"

வடிவம்மாள் அவர் கண்ணைப் பார்த்தார். மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

"போன இன்டர்வியூ என்னாச்சு?"

"என் பேரைக் கேட்டாங்க. பழைய மில்லு பேரைச் சொல்லிட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும்தான் சிரித்தார். பாதிச் சிரிப்பில் கண் கலங்கிப் போச்சு.

"நாளை மறுநாள் இன்னொண்ணு இருக்கு. அதையும் கோட்டை விட்டா வீட்டுல எந்த முகத்தைக் காட்டுவேன்?"

"சந்தைக்குப் போயிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் கொல்லையில அடைக்கோழி இருக்கு, பார்த்துக்குங்க. கூடையில முட்டை மேல உட்கார்ந்து ரெண்டு வாரமாச்சு."

அம்மா அந்தப் பக்கம் போனாரோ இல்லையோ, கோழி எழுந்து வெளியே கிளம்பியது.

குணசீலனுக்குப் பதறியது. துரத்திப் பிடித்துக் கூடையில் உட்கார வைத்தார். திரும்பவும் எழுந்தது. கோழி மூடும் பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்து, மேலே கல்லையும் தூக்கி வைத்தார்.

மதியம் அம்மா திரும்பி வந்தார்.

"எங்கேயும் போகவிடலை அம்மா!" என்றார் பெருமையாக.

அம்மா கல்லை இறக்கினார். பஞ்சாரத்தைத் தூக்கினார்.

கோழி வெளியே பாய்ந்தது. முதலில் ஒரு மூலையில் போய் எச்சமிட்டது. சிதறிக் கிடந்த கம்புத் தானியத்தைக் கொத்தியது, தண்ணீர் குடித்தது. அப்புறம் புழுதியில் புரண்டது பாருங்கள், அப்படி ஒரு புரளல்!

"முட்டை ஆறிடுமே!"

"ஆறும்."

"ஐயோ, பிடிங்கம்மா!"

"ரெண்டு வாரமா தினமும் ஒரு தடவை ஆறிக்கிட்டுத்தான் இருக்கு."

துரத்தக் கிளம்பிய குணசீலன் பாதியில் நின்றுவிட்டார்.

கோழி சிறகை ஒரு உதறு உதறியது. யாரும் விரட்டாமலே கூடைக்குப் போனது. அலகால் முட்டைகளைப் புரட்டிவிட்டு, மெத்தென்று உட்கார்ந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் குணசீலன்.

"மந்திரம் சொல்லட்டுமா?"

குணசீலன் தோள்துண்டை உதறி வேப்பமரத்து நிழலில் விரித்தார்.

"அப்புறம் கேட்டுக்கறேன். வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் எழுப்பி விடுங்கம்மா."