மணி அடித்தும் எடுக்காத கை

"கை மரத்துப்போகுது டீச்சர். ஒரு வழி சொல்லுங்க."

லூர்துமேரி வந்து நின்றது ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வண்டி ஸ்டாண்டில். தகரக் கொட்டகை. உள்ளே நானூறு ஸ்கூட்டர்களும் பைக்குகளும். வாசலில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் டோக்கன் கட்டோடு பொற்கொடி.

டீச்சர் என்று பெயரே தவிர, பொற்கொடி அவளைவிட நான்கு வயது சின்னவள். டைப்பிங் கம்பெனியில் அப்போதிருந்த அத்தனை பெண்களுக்கும் முதல் நாள் கீபோர்டில் விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தவள். கம்பெனி அவளை வெளியே அனுப்பி ஆறு வருஷம் ஆகிறது; லூர்துமேரி அங்கே வேலைக்குச் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். டீச்சர் என்பது மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எந்தக் கை, அக்கா?"

"வலது. தூக்கத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. காலையில பால் பாக்கெட்டைப் பிடிச்சா நழுவிடுது. எதைப் பிடிச்சிருக்கேன்னே தெரியல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். மணிக்கட்டுல நரம்பு நசுங்குதாம். இப்படியே விட்டா ஆறு மாசத்துல கட்டைவிரல் சதை வத்திடுமாம். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் திரும்பாதாம்."

"வேற என்ன சொன்னாரு?"

"டைப் அடிக்கிறதைக் குறைச்சுக்கம்மான்னாரு. சிரிச்சிட்டு வந்துட்டேன்."

ஒரு வண்டி வந்தது. பொற்கொடி இடது கையால் டோக்கன் கிழித்துக் கொடுத்தாள். வலது கை முந்தானைக்கு அடியில் கிடந்தது.

"மணிக்கட்டைக் காட்டு."

குறுக்கே ஒரு சிவந்த கோடு.

"மேசை விளிம்புல ஊன்றிக்கிட்டு அடிக்கிறியா?"

"தாங்கலா இருக்குமேன்னு."

"அது தாங்குறது இல்லக்கா. அறுக்குறது. சீட்டை ஏத்திக்க. முழங்கையும் கீபோர்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். மணிக்கட்டு மேலயும் மடங்கக்கூடாது, பக்கத்துலயும் திரும்பக்கூடாது. கீயைக் குத்தாத. தொடு, போதும்."

"அவ்வளவுதானா?"

"இது பாதி."

"மீதி?"

"மணி அடிச்சா கையை எடு."

லூர்துமேரி டாக்டரிடம் சிரித்ததுபோலவே இங்கேயும் சிரித்தாள்.

அந்த மணி சும்மா வந்ததல்ல. ஒன்பது நாள் கம்பெனி வாசலில், வெயிலில், நாற்பத்தோரு பெண்கள் உட்கார்ந்து வாங்கியது. மணிக்கொரு தரம் ஐந்து நிமிஷம் கைக்கு ஓய்வு. முன்னே நின்று பேசியவள் பொற்கொடி. முதலாளி ஒப்புக்கொண்டான். சுவரில் மணியை மாட்டினான். அதே வாரம் மணிக்குக் கீழே ஒரு பட்டியலையும் ஒட்டினான்.

நேற்று யார் அதிகம் அடித்தார்கள் என்ற பட்டியல். மேலே இருப்பவர்களுக்கு இன்று அடிக்கத் தெளிவாக அச்சான பக்கங்கள். கீழே இருப்பவர்களுக்கு எண்பது வருஷத்துப் பழைய பதிவேடுகள். மை பரவியவை, பூச்சி அரித்தவை. கண்ணும் போகும், கையும் போகும். மாசக் கடைசியில் அடியிலிருக்கும் இருவருக்கு வேலையே போகும்; அந்த இடத்துக்குப் புதுசாக இருவர் வருவார்கள்.

ஓய்வை எதிர்த்து முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஓய்ந்தவளை ஓயாதவள் முந்தினாள். ஒரு மாசத்துக்குள் ஒருத்தியும் ஓயவில்லை. மணி மட்டும் இன்றுவரை தவறாமல் அடிக்கிறது. அது அடிக்கும்போது நாற்பத்தோரு பேரின் வேகமும் கூடுகிறது.

"நான் எடுத்தா லிஸ்ட்ல அடிக்குப் போயிடுவேன் டீச்சர்."

"போயிடுவ."

"தெரிஞ்சேதான் சொல்றீங்களா?"

பொற்கொடி முந்தானையை விலக்கி வலது உள்ளங்கையை நீட்டினாள். கட்டைவிரலின் அடியில் சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி.

லூர்துமேரி குனிந்து பார்த்தாள்.

"இப்படி ஆகியுமா ஸ்டிரைக் பண்ணினீங்க?"

"ஸ்டிரைக் பண்ணும்போது நல்லா இருந்துச்சு. லிஸ்ட் வந்தப்புறம் இப்படி ஆச்சு."

"நீங்க மணிக்குக் கையை எடுத்திருப்பீங்களே?"

"எடுக்கல."

ஒருவன் டோக்கனை நீட்டி வண்டி கேட்டான். பொற்கொடி வரிசையைக் காட்டினாள். அவன் போனதும் சொன்னாள்.

"பதினாலு மாசம் லிஸ்ட்ல முதல் பேரு என்னுதுக்கா. இவளை மிஞ்ச ஆள் இல்லன்னு பேசிக்கிட்டாங்க. காதுக்கு நல்லா இருந்துச்சு. கை போச்சு. கை போனதும் அனுப்பிட்டாங்க."

"ஸ்டிரைக் பண்ணினதுக்காக அனுப்பினாங்கன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"அந்த லிஸ்ட்டைப் பார்த்தவங்க ஒருத்தரும் இப்ப அங்க இல்ல. சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

லூர்துமேரி தன் கட்டைவிரலின் அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எனக்கு மருந்து?"

"பக்கத்து சீட்டுல யார் இருந்தாலும், அவகிட்ட இருக்கு. போய்ப் பாரு."

பக்கத்து சீட் ஷம்ஷாத்துடையது. இருபத்தாறு வயது, வாய்த் துடுக்கு. மூன்று மாசமாகப் பட்டியலில் முதல் பெயர். அவள் மேசையில் மெத்தைப் பட்டையோ தைல பாட்டிலோ இருக்கும் என்று லூர்துமேரி தேடினாள். ஒன்றும் இல்லை.

"என்னக்கா, என் பக்கத்தைப் பார்த்து அடிக்கிறியா? உன்னுது வேற பக்கம்."

"உன் வேலையைப் பாருடி."

லூர்துமேரி சீட்டை ஏற்றினாள். மணிக்கட்டை நேராக்கினாள். மணி அடித்தது. பழக்கத்தில் வேகத்தைக் கூட்டினாள். அப்போதுதான் கவனித்தாள். ஷம்ஷாத் மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள்.

"என்ன தேடுற?"

"கிளிப் விழுந்துடுச்சு."

அடுத்த மணிக்கும் கிளிப் விழுந்தது. அதற்கடுத்த மணிக்கும்.

லூர்துமேரியும் குனிந்தாள். மேசையின் இருட்டில் ஷம்ஷாத் வலது கையை உதறிக்கொண்டிருந்தாள், ஈரத்தை உதறுவதுபோல. கண்களில் நீர்.

"எத்தனை மாசமாடி?"

"எதுக்கு, சூப்பர்வைசர்கிட்ட சொல்லவா?"

லூர்துமேரி தன் கையையும் கீழே இறக்கி உதறினாள்.

ஷம்ஷாத் அதைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"உனக்கும் கிளிப் விழுந்துடுச்சாக்கா?"

மறுநாள் முதல் மணிக்கு இருவரும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

முன் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "என்ன லூர்துக்கா, ஜெபமா?"

"ஷம்ஷாத்தும் சேர்ந்துட்டா, பாரு. கூட்டு ஜெபம்" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அடித்தார்கள்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "கையை நல்லா பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் இரண்டு பெயர்களும் பட்டியலின் அடிக்கு வந்தன. பூச்சி அரித்த பதிவேடுகள் வந்தன. எழுத்து எது, ஓட்டை எது என்று தெரியவில்லை. ஷம்ஷாத் நாள் முழுக்கத் திட்டினாள்.

"உன்னால வந்த வினை. உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மணி அடித்ததும் முதலில் கையை எடுத்தவள் அவள்தான்.

லூர்துமேரி ஒவ்வொரு மணிக்கும் மற்றவர்களைப் பார்த்தாள். குனிந்த முதுகுகள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மணிக்கட்டில் கர்ச்சீப் கட்டியிருந்தாள். ஐந்தாம் வரிசையில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருவரிடமும் போய்ப் பேசினாள்.

"மாசக் கடைசி போகட்டும்க்கா" என்றாள் ஒருத்தி.

"எனக்கு ஒண்ணுமில்லையே" என்றாள் இன்னொருத்தி, கர்ச்சீப்பை அவிழ்த்துவிட்டு.

மாசக் கடைசி வந்தது. இருவரையும் கூப்பிட்டுக் கணக்கை முடித்து அனுப்பினார்கள்.

படியிறங்கும்போது பின்னால் மணி அடித்தது. ஷம்ஷாத் நின்று காது கொடுத்தாள். ஒரு கீபோர்டுகூட நிற்கவில்லை.

"இப்ப யாருக்கா முதல் பேரு?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

லூர்துமேரி ஸ்டாண்டுக்கு வந்தாள்.

"வேலை போயிடுச்சு டீச்சர்."

"கை?"

"தூக்கத்துல எழுப்பறதில்ல. பால் பாக்கெட் நழுவறதில்ல."

பொற்கொடி அவள் கையை இழுத்துக் கட்டைவிரலின் அடியை அழுத்திப் பார்த்தாள். சதை இருந்தது. அழுத்திய விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"எத்தனை பேர் கூட நின்னாங்க?"

"ஷம்ஷாத் மட்டும்."

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

லூர்துமேரி சாலைப் பக்கம் பார்த்தாள்.

"சொல்லுக்கா."

"பொற்கொடி டீச்சரே மணியை வாங்கிட்டு என்ன கண்டாங்கன்னு சொன்னாங்க. ஸ்டிரைக் பண்ணினா அவங்க கதிதான் வரும்னாங்க. உங்களைச் சொல்லித்தான் டீச்சர் பயப்படுறாங்க."

இரண்டு வண்டிகள் வந்து நின்று ஹாரன் அடித்தன. பொற்கொடி திரும்பவில்லை.

டோக்கன் கட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வெளிய விடுறாங்க?"

"ஆறுக்கு."

"வா, போகலாம்."

"ஸ்டாண்டு?"

"வேற ஆள் போட்டுக்குவாங்க."

லூர்துமேரி பின்னாலேயே ஓடினாள். சாலை கடக்கும் இடத்தில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"நாற்பது பேர் நிப்பாங்க டீச்சர். இத்தனை வருஷமா உங்களைச் சாமி மாதிரி வச்சிருக்காங்க. அங்க போய் என்ன சொல்லப்போறீங்க?"

"பதினாலு மாசம் முதல் பேரு யாருதுன்னு."