நூற்றுப் பதினொரு புளியங்கொட்டை

அந்த மலையடிவார மடத்தில் சேருவது லேசுப்பட்ட காரியமில்லை. கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு யானை ஓவியம். ஓட்டைக் கலயத்தில் தண்ணீர் வடிந்து தீரும்வரை யானையின் கண்ணையே பார்க்க வேண்டும். சுவருக்கு முதுகு காட்டியபடி எதிரே உட்கார்ந்திருப்பார் மூத்த சீடர் ஞானசிகாமணி. வந்தவரின் கண் ஒரு தடவை விலகினால் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவார். பத்தைத் தாண்டினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மாயழகுக்கு நூற்றுப் பதினொன்று விழுந்தது.

ஐம்பது வயது, ஆடு மேய்த்துப் பிழைத்தவர். மந்தையை அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டு, சாகிறவரை இனி இந்த மடம்தான் என்று வந்திருந்தார்.

ஞானசிகாமணி கிண்ணத்தைக் குலுக்கிக் காட்டினார். அலைகிற கண்ணுக்குப் பின்னால் அலைகிற மனசுதான் இருக்கும் என்றார். பாவம் பார்த்து, நாளைக்கு இன்னொரு தடவை கண்ணை அடக்கி உட்காரச் சொன்னார்.

மாயழகுக்குச் சுருக்கென்றது.

"உக்கார மாட்டேன் சாமி. ஒத்த ஆட்டையே பாத்துக்கிட்டு நின்னா மிச்சத்த நரி கொண்டு போயிரும். நாப்பது வருசமா என் கண்ணு இப்படித்தான் பாக்குது. இதுக்கு வெளிய போகச் சொன்னா போறேன். கண்ண மாத்த மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். விஷயம் குருவிடம் போனது. மாயழகைவிடப் பத்து வயது இளையவரான குரு பரிபூரணத்தம்மா கூடத்துக்கு வந்தார். ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று இருவரையும் கேட்டார்.

ஞானசிகாமணி சுவர்ப்பக்கம் திரும்பாமலே ஒப்பித்தார். இமையில் பதினான்கு முடி. ஓரத்தில் ஈரம். கருவிழி கீழே தாழ்ந்திருக்கும். யானை எதைப் பார்க்கிறது என்று அம்மா கேட்டதற்கு, அது சோதனையில் இல்லை என்றார்.

மாயழகு கண்ணைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் யானையின் காலுக்கு முன்னால் ஒரு திட்டுப் புல் மட்டும் வாடிக் கிடக்கிறது. வேர் உள்ள புல் அப்படி வாடாது. அறுத்துப் பரப்பிய புல். அடியில் யானை பிடிக்கிற குழி இருக்கும்.

"பாவம், தெரியாம கால வைக்கப் போகுது" என்றார்.

"தெரிஞ்சுதான் நிக்குது. அவர் சொன்ன கண்ண நீங்க பாக்கல" என்றார் அம்மா.

மாயழகு தலையைச் சொறிந்துகொண்டார். ஞானசிகாமணி மட்டும் விடவில்லை. கிண்ணத்தை அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"என்ன இருந்தாலும் நூற்றுப் பதினொரு தடவை விலகின கண்ணு அம்மா."

அம்மா கிண்ணத்தைத் தொடவில்லை.

"எத்தனை தடவை விலகுச்சுன்னு எண்ணிட்டீங்க. எங்க போச்சுன்னு ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தீங்களா?"