எவ்வளவு சத்தம் போதும்?

நூர்ஜஹானிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தெட்டு. சீடர் குருவை "மாஸ்டர்" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

பட்டறை கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் இருந்தது. நெடுந்தூரம் சுற்றுகிற பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாற்றிக் கொடுப்பார்கள். பொன்னுரங்கம் அதற்கு முன்னால் தர்மபுரிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர். அவர் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊருக்கும் கேட்கும். கேட்கவில்லை என்றால் இன்னொரு குழாய் கட்டுவார். சத்தத்தைப் பற்றி அவர் தெரிந்துவைத்திருந்தது அவ்வளவுதான். அதுவரை அது அவரைக் கைவிட்டதும் இல்லை.

ஒரு நாள் காலையில் தாமோதரன் என்பவர் வந்தார். நரைத்த மீசை. பின்சீட்டில் மனைவி வான்மதி. வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தார். இறங்கினார், எல்லோரையும் பார்த்துச் சிரித்தார், ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"இமயமலைப் பக்கம் கிளம்பறோம்" என்றார் தாமோதரன். "வேகம் எடுத்தா பாட்டு கேக்க மாட்டேங்குது. வண்டியில இருக்கிறது பொம்மை ஸ்பீக்கர். நல்லதா மாட்டுங்க."

"அண்ணே, நீங்களே பாருங்க" என்றார் நூர்ஜஹான்.

பொன்னுரங்கம் முன்பக்கத்து ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பெரியவையாக மாட்டினார். சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தினார். தாமோதரன் மனைவியை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போய்த் திரும்பி வந்தார்.

"பத்தலை."

பின்பக்கப் பெட்டிகளின் மூடியில் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் ஏறியது. ஆம்ப்ளிஃபயரும் பெரிதாயிற்று. பேட்டரியிலிருந்து தடித்த ஒயராக இழுத்தார். போட்டுக் காட்டியபோது பட்டறையின் தகரக் கூரையே அதிர்ந்தது. கணவனும் மனைவியும் மறுபடி போய் வந்தார்கள்.

"பத்தலைங்க" என்றார் தாமோதரன். சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் டீ குடிக்கப் போனார். வான்மதி வரவில்லை என்று கையசைத்தார்.

பொன்னுரங்கம் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், இந்த மனுஷனுக்கு எவ்வளவு பவர் குடுத்தா போதும்?"

நூர்ஜஹான் டீக்கடையைப் பார்த்து, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கறோம் சார்" என்று குரல் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

"ஏறுங்கண்ணே."

"நான் ஓட்டறேனே மாஸ்டர்."

"பின்னாடி ஏறுங்க. எங்க திரும்பணும்னு நீங்கதான் சொல்லணும். வாயால சொல்லணும், தோளைத் தொடக் கூடாது."

வண்டி பைபாஸில் ஏறியது. பாட்டை முழுசாகத் திறந்துவிட்டார் நூர்ஜஹான். பெட்டி மூடியில் தாம் மாட்டிய ஸ்பீக்கர்கள் தம் இரண்டு காதுக்கும் பக்கத்திலேயே இருப்பதை அப்போதுதான் பொன்னுரங்கம் கவனித்தார். மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது.

முதல் பிரிவு வந்தது. "இடது பக்கம் மாஸ்டர்" என்றார். வண்டி நேராகப் போயிற்று.

அடுத்த பிரிவில் கத்தினார். அதையும் தாண்டிப் போயிற்று.

மூன்றாவதில், திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையின் பெயரைக் கூவுகிற குரலில் கூவினார். அவர் கூவியது அவருக்கே கேட்கவில்லை. முன்னால் நூர்ஜஹானின் முதுகு மட்டும் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போதே யாரும் இல்லாததுபோல் ஆகிவிட்டது பொன்னுரங்கத்துக்கு. கடைசியில் பொறுக்க முடியாமல் தோளைத் தொட்டார்.

வண்டி ஓரம் கட்டி நின்றது.

"சொன்னீங்களா அண்ணே?"

"தொண்டை கிழியக் கத்தினேன்."

"அப்படியா" என்றார் நூர்ஜஹான். வண்டியைத் திருப்பினார்.

பட்டறைக்கு வந்ததும் பொன்னுரங்கம் வண்டிப் பக்கம் போகவில்லை. நேராக வான்மதி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார்.

"ஏம்மா, பின்னாடி உக்காந்து வர்றது நீங்கதானே. உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

வான்மதி நிமிர்ந்து பார்த்தார். துப்பட்டாவைக் கொஞ்சம் தளர்த்தினார். கழுத்தின் குறுக்கே ஒரு தழும்பு இருந்தது. வாய் அசைந்தது. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. பொன்னுரங்கம் குனிந்து காதைக் கொடுத்தார்.

"கட்டி எடுத்தாங்கண்ணா. அதோட குரல் போயிடுச்சு. வீட்டுல பக்கத்துல வந்து கேட்டுக்குவார். வண்டியில முடியாது."

"ஹெல்மெட்ல மாட்டற இண்டர்காம் இருக்கேம்மா?"

"வாங்கினார். என் பேச்சைவிடக் காத்துதான் அதுல நிறைய கேட்டுச்சு." சிரித்தார். "முன்னெல்லாம் வழி பூரா பேசிட்டே வருவேன். ஊர்ப் பேரு, மாடு குறுக்க வர்றது, அவங்க அக்காவைப் பத்தின குறை, எல்லாம். இப்ப பின்னாடி சத்தமே இல்லாம இருக்கிறது அவரால தாங்க முடியலை. அதான் பாட்டு. பாட்டு ஓடினா, பேச முடியலையேன்னு நானும் வருத்தப்பட மாட்டேன்னு நினைக்கிறார்."

மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு இன்னும் மெல்லச் சொன்னார்.

"ஆனா நான் இப்பவும் பேசிட்டுதான் வர்றேன். அவருக்குத் தெரியாது."

பொன்னுரங்கம் பட்டறைக்குள் போனார். நூர்ஜஹான் ஏதோ ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"மாஸ்டர், பின்னாடி ஸ்பீக்கரை எல்லாம் கழட்டப் போறேன்."

"சரிங்கண்ணே."

"பெரிய ஆம்ப்ளிஃபயரும் வேண்டாம்."

"சரி."

தாமோதரனைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, மத்தியானம் முழுவதும் பொன்னுரங்கம் வேலை பார்த்தார். வான்மதியின் ஹெல்மெட்டில், தாடைக்கு உள்பக்கம், உதட்டை ஒட்டி ஒரு சின்ன மைக்கைப் பதித்தார். காற்று புகாதபடி அதைப் பஞ்சால் பொதிந்தார். முதலில் வைத்த சிறிய ஆம்ப்ளிஃபயரையே திரும்பப் பொருத்தி, மைக்கின் ஒயரை அதற்குக் கொண்டுபோய், அங்கிருந்து தாமோதரனின் ஹெல்மெட்டுக்குள் தட்டையான இரண்டு ஸ்பீக்கருக்கு எடுத்தார். பின்னால் பேச்சு எழுந்தால் பாட்டு தானாக அடங்குகிற மாதிரியும் செய்தார். கோயில் அறிவிப்புக்கு அவர் செய்து பழகிய வேலை அது. பஞ்சு சரியில்லை என்று இரண்டு தடவை பிரித்து வைத்தார்.

தாமோதரன் வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"பெட்டியில இருந்த ஸ்பீக்கர் எங்க? நான் கேட்டது என்ன, நீங்க செஞ்சிருக்கிறது என்ன?"

"ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு வாங்க சார். பத்தலைன்னா நானே எல்லாத்தையும் திருப்பி மாட்டித் தர்றேன்."

"உங்களுக்கு விஷயம் தெரியாதுங்க. எனக்குச் சத்தம் வேணும்."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு நூர்ஜஹான் வெளியே வந்தார். "ஒரு தடவை சார்" என்றார். தாமோதரன் வேண்டா வெறுப்பாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வான்மதி பின்னால் ஏறினார். பொன்னுரங்கம் அவருடைய ஹெல்மெட் வாரைத் தாமே பூட்டிவிட்டு, "எப்பவும் போல பேசிட்டே போங்கம்மா" என்று கிசுகிசுத்தார்.

வண்டி புறப்பட்டது. பட்டறை வாசலில் குருவும் சீடரும் நின்று பார்த்தார்கள். பைபாஸில் ஏறி, புளியமரங்களைத் தாண்டி, வேகம் எடுத்தது. பிறகு திடீரென்று வேகம் குறைந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

யாரும் இறங்கவில்லை. தாமோதரன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. லாரிகள் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

பொன்னுரங்கம் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடப் போனார். நூர்ஜஹான் அவர் கையைப் பிடித்தார்.

"விடுங்க மாஸ்டர், ஒயர் விட்டுப்போச்சு போல. அந்தம்மா பேசறது அவருக்குக் கேக்கலை. அதான் நின்னுட்டார்."

"கேட்டுருச்சு அண்ணே" என்றார் நூர்ஜஹான். "அதான் நின்னுட்டார்."